போர்ட்ரானும் சி மொழியும்: அணியின் அளவை அனுப்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றில் காலையில் மழைமானியை வாசித்து, முதல் நாள் மழையை மில்லிமீற்றர் கணக்கில் கொப்பியில் எழுதி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஏழு மானிகளின் ஓராண்டுப் பதிவைக் கணினியில் ஏற்றி, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்கு மேலேயுள்ள சரிவுகளிலிருந்து எவ்வளவு நீர் ஓடிவரும் என்று கணக்கிடும் பயிற்சியை ஹட்டனில் சில மாணவர்களுடன் செய்து வருகிறேன். ஆறு மானிகள் மேற்குச் சரிவில் உள்ளவை. வரிசையில் நான்காவதாக நிற்பது மட்டும் ஒப்பீட்டுக்காக வெலிமடைப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. கோப்புகளை வாசிக்கும் பகுதியைச் சி மொழியில் எழுதினோம். நீரோட்டத்தைக் கணக்கிடும் பகுதி பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் போர்ட்ரான் செய்நிரல். இரண்டையும் இணைக்கும் இடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் அளித்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விடைகளிலும் எடுத்துக்காட்டு ஒன்றே: 365 நாட்கள், 7 மானிகள், ஆக 2555 எண்கள் கொண்ட ஓர் அணி (ஒரே பெயரின் கீழ் வரிசையாக அடுக்கிய எண்கள்). ஒவ்வொன்றும் 8 பைட் இரட்டைத் துல்லிய எண் என்பதால் மொத்தம் 20440 பைட். மொழிகளின் சிறப்புச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். செய்நிரலில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும்.

சி மொழியிலிருந்து அணியை அனுப்பும்போது அதன் அளவும் கூடவே போகாதா?

போகாது. இந்தப் பக்கத்திலுள்ள ஏனைய விடைகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவையே. சி மொழியில் ஓர் அணியை ஒரு சார்புக்குக் கொடுக்கும்போது உண்மையில் போய்ச் சேருவது அதன் முதல் உறுப்பின் முகவரி மட்டுமே. சார்பின் தலைப்பில் சதுர அடைப்புக்குள் 2555 என்று எழுதினாலும் தொகுப்பான் (செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதைச் சுட்டியாகவே, அதாவது முகவரியைத் தாங்கும் மாறியாகவே, எடுத்துக்கொள்ளும். சார்புக்குள்ளே நின்று, அளவைப் பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப் கொண்டு அளந்து பாருங்கள். 64 பிட் கணினியில் 20440 வராது, 8 வரும். அது சுட்டியின் அளவு.

கொழுந்து மடுவத்தில் சாக்கை நிறுத்து, எடையை எழுதிய பிறகுதான் லொறியில் ஏற்றுவார்கள். எடை எழுதப்படாத சாக்கு தொழிற்சாலைக்குப் போனால், உள்ளே எத்தனை கிலோ இருக்கிறது என்பதைச் சாக்கின் வாயைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சி மொழியின் அணி எடை எழுதாத சாக்கு. எண்ணிக்கையைத் தனி அளபுருவாக (சார்புக்குக் கொடுக்கும் உள்ளீடாக) நாம்தான் கூட அனுப்பவேண்டும்.

ஆனால் போர்ட்ரானில் சைஸ் என்ற உள்ளமைந்த சார்பைக் கேட்டால் சரியான விடை வருகிறதே?

வருகிறது, ஆனால் எல்லா வகை அணிகளுக்கும் அல்ல. போர்ட்ரானில் ஒரு சப்ரூட்டீன் (துணைச் செய்நிரல்) அணியைப் பல விதமாக ஏற்கலாம். 'மழை(நாள், மானி)' என்று பரிமாணங்களை வெளிப்படையாக எழுதி, அந்த இரு எண்களையும் அளபுருக்களாகவே பெற்றுக்கொள்வது ஒரு முறை. 'மழை(*)' என்று கடைசிப் பரிமாணத்தில் நட்சத்திரக் குறியிட்டு, நீளம் தெரியாமலேயே ஏற்பது இன்னொரு முறை. இவ்விரண்டிலும் வருவது வெறும் முகவரி. முதலாவதில் நீங்கள் கொடுத்த எண்ணையே சைஸ் உங்களுக்குத் திருப்பிச் சொல்லும். நீங்கள் தவறாக 400 என்று கொடுத்திருந்தால் அதுவும் 400 என்றே சொல்லும். இரண்டாவதில் முழு அளவைக் கேட்டால் தொகுப்பான் ஏற்க மறுக்கும்.

போர்ட்ரான் 90 இல் வந்த 'மழை(:,:)' என்ற வடிவம் வேறு வகையானது. அங்கே முகவரி தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு பரிமாணத்தின் நீளமும், ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு எத்தனை பைட் தாண்டவேண்டும் என்பதும் அடங்கிய விவரிப்பான் ஒன்று போகிறது. சைஸ் சரியாகச் சொல்வது அந்த விவரிப்பானைப் பார்த்துத்தான். இதை அறியாமல், இரட்டைப் புள்ளி வடிவில் எழுதிய சப்ரூட்டீனுக்குச் சி மொழியிலிருந்து வெறும் சுட்டியை அனுப்புகிறவர்கள் பலர். போர்ட்ரான் பகுதி அந்த முகவரியில் விவரிப்பான் இருப்பதாக நம்பி, அங்கேயுள்ள மழை அளவுகளையே பரிமாணங்களாக வாசிக்கும். அதன் பிறகு வருவது எதுவும் கணக்கல்ல.

அளவைப் பெறுமானமாக அனுப்புவதா, முகவரியாக அனுப்புவதா?

இரண்டும் செல்லும்; இரு பக்கமும் ஒரே முடிவில் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. போர்ட்ரான் இயல்பாக அளபுருக்களை முகவரியாகவே எதிர்பார்க்கும். சி மொழி முழு எண்களை இயல்பாகப் பெறுமானமாக அனுப்பும். இந்த இரு இயல்புகளும் மோதும் இடத்தில்தான் என் மாணவர்களின் நேரத்தில் பெரும்பகுதி கரைந்தது.

சி மொழி 365 ஐப் பெறுமானமாக அனுப்பி, போர்ட்ரான் முகவரியை எதிர்பார்த்தால், போர்ட்ரான் 365 ஆவது முகவரியில் எதையோ தேடும். அந்த இடம் எந்தச் செய்நிரலுக்கும் உரியதாக இருக்காது என்பதால் இயங்குதளம் உடனே நிறுத்திவிடும். இது நல்ல பிழை. முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. எதிர்த்திசையில், போர்ட்ரான் முகவரியை அனுப்பிச் சி மொழி இன்ட் (4 பைட் முழு எண்) பெறுமானத்தை எதிர்பார்த்தால், முகவரியின் கீழ் 32 பிட்டுகள் எண்ணிக்கையாகிவிடும். அப்போது அளவை அச்சிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண் வரும், சில வேளை எதிர்மறை எண் வரும். இயங்குதளம் பாதுகாப்புக்காக முகவரிகளை ஒவ்வோர் ஓட்டத்திலும் மாற்றி ஒதுக்குவதால் இப்படி நடக்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் அளவைக் கண்டால் முதலில் இதையே சந்தேகியுங்கள். எதிர்மறை எண் வந்து, அதைப் பிறகு இன்னொரு போர்ட்ரான் பகுதிக்குக் கொடுத்தால் பிழை இன்னும் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும். எதிர்மறை நீளமுள்ள அணியைப் போர்ட்ரான் வெற்று அணியாகக் கொள்ளும். சுழற்சி ஒரு முறைகூட ஓடாது. மொத்த மழை பூச்சியம் என்று அமைதியாக விடை வரும்.

என் பரிந்துரை: அளவு உள்ளே போக மட்டுமே செய்யுமாயின், போர்ட்ரான் 2003 இல் வந்த வேல்யூ என்ற பண்பைச் சேர்த்துப் பெறுமானமாகவே வாங்குங்கள். சப்ரூட்டீனின் தலைப்பில் பைண்ட்(சி) என்று குறியுங்கள்; சி மொழியின் விதிப்படி இணைக்கவேண்டும் என்ற அறிவிப்பு அது. அளவு வெளியே வரவேண்டுமாயின் மட்டும் முகவரியாக வைத்துக்கொண்டு, இன்டென்ட் பண்பில் அவுட் என்று எழுதுங்கள்.

இன்ட் போதுமா, லாங் வேண்டுமா, சைஸ்_டி வேண்டுமா?

இவை மூன்றும் சி மொழியின் முழு எண் வகைகள். எதைத் தெரிவுசெய்தாலும் போர்ட்ரான் பக்கத்தில் அதற்கு நேரான வகைப் பெயரை எழுதவேண்டும். ஐஎஸ்ஓ_சி_பைண்டிங் என்ற தொகுதியைப் பயன்படுத்தினால் அந்தப் பெயர்கள் கிடைக்கும்: இன்ட்டுக்குச் சி_இன்ட், லாங்குக்குச் சி_லாங், சைஸ்_டிக்குச் சி_சைஸ்_டி. வெறுமனே இன்டிஜர் என்று எழுதிவிட்டு அது 4 பைட்டாகத்தான் இருக்கும் என்று நம்பவேண்டாம். தொகுப்பானுக்குக் கொடுக்கும் ஒரேயொரு தெரிவால் இயல்பான முழு எண் முழுவதும் 8 பைட்டாக மாறக்கூடும். வேறொருவரின் தொகுப்புக் கோப்பில் அந்தத் தெரிவு எங்கோ ஒரு மூலையில் இருந்தால் உங்கள் செய்நிரல் காரணம் தெரியாமல் உடைந்துபோகும்.

எங்கள் பயிற்சியில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சி மொழியில் நாட்களின் எண்ணிக்கையும் மானிகளின் எண்ணிக்கையும் அடுத்தடுத்த இரு இன்ட் மாறிகள். இரண்டும் முகவரியாக அனுப்பப்பட்டன. போர்ட்ரான் அவற்றை 8 பைட் எண்களாக வாசித்தது. நாட்களின் எண்ணிக்கை 30064771437 என்று அச்சாகியது. மாணவர் ஒருவர் அந்த எண்ணைத் தாளில் பிரித்துப் பார்த்தார்: 4294967296 ஐ 7 ஆல் பெருக்கி, அதனுடன் 365 ஐக் கூட்டினால் அதுவே வருகிறது. கீழ் 4 பைட்டில் 365, மேல் 4 பைட்டில் பக்கத்து வீட்டிலிருந்த 7. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ஏனெனில் நினைவகம் என்றால் என்ன என்பதை எந்தப் பாடக்குறிப்பையும்விட அது தெளிவாகக் காட்டுகிறது. பக்கத்தில் 7 க்குப் பதிலாகப் பூச்சியம் இருந்திருந்தால் விடை 365 என்றே வந்திருக்கும். பிழை அங்கேயே இருக்கும், எவருக்கும் தெரிந்திருக்காது. எண்ணின் கீழ்ப் பைட்டை முதலில் வைக்கும் கணினிகளில்தான் இப்படித் தற்செயலாகச் சரியாகத் தோன்றும். இன்று நம் மேசைகளில் உள்ளவை ஏறத்தாழ எல்லாம் அவ்வகையே.

பெரிய அணிகளுக்கு இன்ட் போதாது. அதன் உச்சம் 2147483647. ஒரு பக்கம் 46340 உறுப்புகள் உள்ள சதுரக் கட்டம் அதற்குள் அடங்கும்; 46341 ஆனால் அடங்காது. மழைப் பதிவுக்கு இந்த எல்லை ஒருநாளும் எட்டாது என்றாலும், மலைச்சரிவின் உயரங்களை நுணுக்கமான கட்டங்களாகப் பிரித்துச் சேமிக்கும்போது எட்டிவிடும். சி மொழியில் இரு இன்ட்டுகளைப் பெருக்கிய பிறகு சைஸ்_டி மாறியில் இடுவது பயனற்றது. பெருக்கும்போதே எல்லை மீறிவிடுகிறது. முதலில் ஒன்றை வகை மாற்றிவிட்டுப் பெருக்கவேண்டும். போர்ட்ரானின் சைஸ் சார்பும் இயல்பான முழு எண்ணையே தரும். கைண்ட் என்ற அளபுருவில் சி_சைஸ்_டி என்று கொடுத்து அகலமான விடையைக் கேட்கலாம். சைஸ்_டி குறியற்ற எண். சி_சைஸ்_டி வகையோ அதே அகலமுள்ள, குறியுடைய போர்ட்ரான் எண். எண்ணிக்கைகளுக்கு இந்த வேறுபாடு இடைஞ்சல் தராது. ஆனால் பிழைக்கு அடையாளமாக -1 ஐத் திருப்பி அனுப்பும் வழக்கமுள்ளவர்கள் கவனிக்கவேண்டும், ஏனெனில் சி மொழிப் பக்கத்தில் அது மிகப்பெரிய நேர்ம எண்ணாகிவிடும்.

நாட்களையும் மானிகளையும் எந்த ஒழுங்கில் அனுப்புவது?

நம் பாடசாலைக் கணிதத்தில் தாயத்தின் (எண்களைச் செவ்வகமாக அடுக்கிய அட்டவணையின்) கிடை வரிசையை நிரை என்றும் குத்து வரிசையை நிரல் என்றும் சொல்கிறோம். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர் பிடிக்கும் வரிசைக்கும் நிரை என்றே பெயர் என்பதால் இந்தச் சொல்லை எங்கள் மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சி மொழி நினைவகத்தில் நிரை நிரையாக அடுக்கும். போர்ட்ரான் நிரல் நிரலாக அடுக்கும். வேறு சொற்களில், சி மொழியில் கடைசிச் சுட்டெண் (உறுப்பின் இடத்தைக் குறிக்கும் எண்) வேகமாக ஓடும். போர்ட்ரானில் முதற் சுட்டெண் வேகமாக ஓடும்.

ஆகவே போர்ட்ரானில் 'மழை(365,7)' என்று அறிவித்த அணிக்குச் சி மொழியில் நேரானது 'மழை[7][365]'. பரிமாணங்கள் தலைகீழாகின்றன, தரவு ஓர் அங்குலமும் நகரவில்லை. இதைச் செய்ய மறந்து இரு பக்கமும் 365, 7 என்றே எழுதினால் என்ன நடக்கும் என்பதை விரிவாகச் சொல்வது பயனுள்ளது, ஏனெனில் இந்தப் பிழையில் எதுவும் நின்றுபோவதில்லை. உறுப்புகளின் எண்ணிக்கை 2555 என்பது சரி. எல்லை மீறல் இல்லை. மொத்தக் கூட்டுத்தொகையும் சரியாக வரும்.

எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. சி மொழிப் பகுதி முதல் நாளின் ஏழு மானிகள், இரண்டாம் நாளின் ஏழு மானிகள் என்று அடுக்கியிருந்தது. போர்ட்ரான் முதல் 365 எண்களை எடுத்து, அதை முதலாம் மானியின் ஓராண்டு என்று கொண்டது. உண்மையில் அது ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பெப்ரவரி மூன்றாம் வாரம் வரை ஏழு மானிகளிலும் பெய்த மழையின் கலவை. நான்காம் மானியின் ஓராண்டு என்று கொண்டது ஏறத்தாழ ஜூன் 6 முதல் ஜூலை 28 வரை எல்லா மானிகளிலும் பெய்தது. அது தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும் காலம். எனவே விடைத்தாளில் வெலிமடை மிக ஈரமான இடங்களில் ஒன்றாக நின்றது. வெலிமடையிலிருந்து வரும் மாணவி ஒருவர் தாளைப் பார்த்ததுமே, "எங்கட பக்கம் இவ்வளவு மழை எந்த வருசமும் பெய்யாது சேர்" என்றார். அந்த மாதங்களில் அவர்கள் ஊரில் காய்ந்த காற்றுத்தான் வீசும். மலைத்தொடரின் மறுபக்கமாகையால் அவர்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்திலேயே வரும். தொகுப்பான் கண்டுபிடிக்காததை ஊர் அறிவு கண்டுபிடித்தது. எண்கள் எந்த மண்ணிலிருந்து வந்தன என்று தெரிந்தவர் ஒருவர் விடையை ஒரு முறை பார்க்கவேண்டும் என்று அன்று முதல் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

சுட்டெண் போர்ட்ரானில் 1 இல் தொடங்குகிறது, சி மொழியில் 0 இல் தொடங்குகிறது. அளவை மாற்றி அனுப்பவேண்டுமா?

வேண்டாம். அளவு என்பது எண்ணிக்கை. தொடக்கச் சுட்டெண் எதுவானாலும் 365 நாட்கள் 365 நாட்களே. மாற்றவேண்டியது நிலையைக் குறிக்கும் எண்ணை மட்டும்: அதிக மழை பெய்த நாளின் சுட்டெண்ணைப் போர்ட்ரான் 157 என்று தந்தால் சி மொழியில் அது 156.

சி மொழியில் சுட்டிகளின் அணியாக ஒதுக்கிய இரு பரிமாண அணியை அனுப்பலாமா?

இயலாது. இரட்டை நட்சத்திரச் சுட்டியில் ஒவ்வொரு நிரையும் நினைவகத்தில் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். போர்ட்ரான் எதிர்பார்ப்பது தொடர்ச்சியான ஒரே துண்டு. 2555 உறுப்புகளுக்கு மாலக் மூலம் ஒரே தடவையில் இடம் ஒதுக்கி, நிலையை நீங்களே கணக்கிடுங்கள்: மானி எண்ணை 365 ஆல் பெருக்கி நாளைக் கூட்டினால் போதும்.

அணியின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பும்போது அளவு என்ன?

இங்கே அளவு ஒன்றல்ல, இரண்டு. ஜூன் மாதத்து 30 நாட்களை மட்டும் ஏழு மானிகளுக்கும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பயன்படுத்தப்போகும் நாட்கள் 30. ஆனால் ஒரு மானியின் ஜூனிலிருந்து அடுத்த மானியின் ஜூனுக்குப் போக நினைவகத்தில் இன்னும் 365 இடங்கள் தாண்டவேண்டும். போர்ட்ரான் 77 காலத்து எண்கணித நூலகங்களான பிளாஸ், லாபேக் ஆகியவை தாயத்தின் நிரை, நிரல் எண்ணிக்கைகளுடன் முதன்மைப் பரிமாணம் என்று இன்னோர் எண்ணையும் கேட்பது இதற்காகத்தான். புதிதாகப் படிப்பவர்கள் அதை வீணான அளபுரு என்று நினைக்கிறார்கள். முழுத் தாயத்தை அனுப்பும்போது நிரை எண்ணிக்கையும் முதன்மைப் பரிமாணமும் ஒன்றாகவே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பகுதியை அனுப்பும் நாளில்தான் அதன் அருமை தெரியும். சி மொழிக்காக நீங்கள் எழுதும் சார்புகளிலும் அந்த எண்ணைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

போர்ட்ரானிலிருந்து 'மழை(100,:)' என்று ஒரே நாளின் ஏழு அளவுகளை, வெறும் சுட்டியை எதிர்பார்க்கும் சி மொழிச் சார்புக்கு அனுப்பினால் வேறொன்று நடக்கிறது. அந்த ஏழு எண்களும் 2920 பைட் இடைவெளியில் சிதறிக் கிடப்பவை. தொகுப்பான் அவற்றைத் தற்காலிக இடம் ஒன்றில் அடுத்தடுத்துப் பிரதி செய்து, அதன் முகவரியை அனுப்பி, சார்பு முடிந்ததும் தேவையானால் மாற்றங்களைத் திருப்பி எழுதும். விடை சரியாகவே இருக்கும். ஆனால் சி மொழிச் சார்பு அந்த முகவரியைப் பிறகு பயன்படுத்துவதற்காகச் சேமித்து வைத்தால், அது காலியான வீட்டின் விலாசம். பெரிய அணிகளில் இந்தப் பிரதி நேரத்தையும் தின்னும். தற்காலிக அணி உருவாகும் இடங்களைச் சுட்டிக்காட்டும்படி ஜிபோர்ட்ரான் என்ற இலவசப் போர்ட்ரான் தொகுப்பானைக் கேட்கலாம்.

ஆண்டின் நாட்கள் 365 ஆ 366 ஆ என்பது கோப்பைத் திறந்த பிறகே தெரியும். அளவு தெரியாமல் எப்படி இடம் ஒதுக்குவது?

இரு நடைகளாகப் போவதே எளிமையானது. முதல் அழைப்பில் அளவை மட்டும் கேளுங்கள். இடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் அழைப்பில் நிரப்பச் சொல்லுங்கள். அணி எப்போதும் அழைப்பவரின் உடைமையாகவே இருக்கும் என்பதால் யார் விடுவிப்பது என்ற குழப்பம் எழாது.

சி மொழியே இடம் ஒதுக்கி முகவரியைத் தருவதுதான் வசதி என்றால், போர்ட்ரானில் அதை சி_பிடிஆர் வகை மாறியாக வாங்கி, சி_எஃப்_பொயின்டர் என்ற சப்ரூட்டீனிடம் கொடுங்கள். அது கேட்பவை மூன்று: அந்த முகவரி, ஒரு போர்ட்ரான் சுட்டி, பரிமாணங்கள் அடங்கிய சிறு அணி. நீங்கள் சொல்லும் பரிமாணங்களை அது சோதிப்பதில்லை. 366 என்று பொய் சொன்னால் 366 என்றே நம்பும். இப்படிப் பெற்ற சுட்டியைப் போர்ட்ரானின் டீஅலொகேட் கொண்டு விடுவிக்கக்கூடாது. ஒதுக்கிய பக்கமே விடுவிக்கவேண்டும் என்பதால், சி மொழியின் ஃப்ரீயை அழைக்கும் சிறு சார்பு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விவரிப்பானையே சி மொழியில் வாசிக்க வழி இல்லையா?

உண்டு. முன்பு ஒவ்வொரு தொகுப்பானும் தனக்கென ஒரு விவரிப்பான் அமைப்பை வைத்திருந்தது. போர்ட்ரான் 2018 தரம் அதற்குப் பொதுவான முகம் ஒன்றை வரையறுத்து, ஐஎஸ்ஓ_போர்ட்ரான்_பைண்டிங் என்ற தலைப்புக் கோப்பைத் தந்தது. அதிலுள்ள சிஎஃப்ஐ_சிடெஸ்க்_டி என்ற கட்டமைப்பில் அடி முகவரி, உறுப்பின் நீளம், பரிமாணங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு பரிமாணத்துக்கும் கீழெல்லை, நீட்சி, பைட் தாண்டல் ஆகியவை இருக்கின்றன. பைண்ட்(சி) என்று குறித்த சப்ரூட்டீனில் 'மழை(:,:)' என்று எழுதினால், சி மொழிக்கு இந்தக் கட்டமைப்பின் முகவரி போய்ச்சேரும். அளவுக்கெனத் தனி அளபுரு எதுவும் தேவையில்லை. பகுதி அணிகளும் பிரதி எடுக்கப்படாமலே போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். இரட்டைப் புள்ளி வடிவில் வாங்கும் அணிக்குச் சி மொழிப் பக்கத்தில் கீழெல்லை எப்போதும் பூச்சியமாகவே தெரியும். பைட் தாண்டல் என்பது பெயருக்கேற்பப் பைட்டுகளில் இருப்பது. அதை உறுப்புகளின் எண்ணிக்கையாக நினைத்து இரட்டைத் துல்லியச் சுட்டியுடன் கூட்டினால் எட்டு மடங்கு தொலைவில் போய் விழுவீர்கள். ஜிபோர்ட்ரானில் இந்த வசதி 12 ஆம் பதிப்பிலிருந்து நன்றாகச் சீரமைக்கப்பட்டிருக்கிறது. பழைய தொகுப்பான் உள்ள ஆய்வுகூடக் கணினிகளிலும் உங்கள் செய்நிரல் ஓடவேண்டுமாயின் அளவுகளைத் தனித்தனியே அனுப்பும் முறையிலேயே நில்லுங்கள். அது அலங்காரமற்றது, ஆனால் எங்கும் ஓடும்.

மானியின் பெயரை அனுப்பும்போது நீளத்தை எப்படிச் சொல்வது?

எழுத்துச் சரமும் ஓர் அணியே, ஆயினும் போர்ட்ரான் அதை வேறு விதமாக நடத்துகிறது. பைண்ட்(சி) இல்லாத பழைய சப்ரூட்டீன்களுக்குச் சரத்தை அனுப்பும்போது தொகுப்பான் அதன் நீளத்தை அளபுருப் பட்டியலின் இறுதியில் மறைவாகச் சேர்க்கும். ஜிபோர்ட்ரானில் அந்த மறைவான நீளம் முன்பு இன்ட் ஆக இருந்து, 8 ஆம் பதிப்பில் சைஸ்_டி ஆனது. இப்படிப் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியதை நம்பவேண்டாம். ஒற்றை எழுத்துகளின் அணியாக, சி_சார் வகையில் அறிவித்து, நீளத்தை வெளிப்படையான அளபுருவாக அனுப்புங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். 'ஹட்டன்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோடில் ஒற்றெழுத்துகளின் புள்ளிகள் தனிக் குறியீடுகள் என்பதால் அது ஆறு குறியீடு. யுடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. சி மொழியின் முடிவுப் பூச்சியத்தையும் சேர்த்தால் 19. போர்ட்ரானில் 20 நீளமுள்ள சரத்தில் வைத்தால் முடிவுப் பூச்சியம் இராது. கடைசி இரண்டு பைட்டுகள் இடைவெளியாக நிரப்பப்படும். நான் சொல்லும் நீளம் எப்போதும் பைட்டுகளின் எண்ணிக்கையே. 'தலவாக்கலை' என்று எழுதிப் பார்த்து 20 பைட்டுக்குள் அடங்காமல் நடுவே ஓர் எழுத்து வெட்டுப்பட்டால் காரணம் இதுதான். அந்தப் பெயருக்கு 27 பைட் தேவை.

பழைய போர்ட்ரான் செய்நிரலைத் தொடாமல் சி மொழியிலிருந்து அழைக்கலாமா?

அழைக்கலாம். பல தொகுப்பான்கள் சப்ரூட்டீனின் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, இறுதியில் ஒரு கீழ்க்கோடு சேர்க்கும். எல்லா அளபுருக்களையும் முகவரியாகக் கொடுக்கவேண்டும். இருந்தாலும் நான் அதைச் செய்வதில்லை. பைண்ட்(சி) குறித்த மெல்லிய சப்ரூட்டீன் ஒன்றைப் போர்ட்ரானிலேயே எழுதி, அது பழையதை அழைக்கும்படி விடுகிறேன். பத்து வரிக்குள் முடிந்துவிடும். வகைகளைத் தொகுப்பான் சரிபார்க்கவும் செய்யும். பழைய செய்நிரல்களில் 'மழை(1)' என்று ஓர் உறுப்பு அணியாக அறிவித்துவிட்டு ஆயிரம் உறுப்புகளைத் தொடும் வழக்கம் உண்டு. அது நட்சத்திரக் குறி வருவதற்கு முந்திய பழக்கம். எல்லைச் சோதனையை (சுட்டெண் அணியின் அளவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் தெரிவை) இயக்கியவுடன் அந்த இடங்களில் பிழைச் செய்தி கொட்டும். அங்கெல்லாம் 1 ஐ நட்சத்திரமாக மாற்றினால் போதும்.

அளவு சரியாகப் போய்ச்சேர்ந்தது என்பதை எப்படி உறுதிசெய்வது?

போர்ட்ரானின் எல்லைச் சோதனையை மட்டும் நம்பவேண்டாம். 400 நாட்கள் என்று நீங்கள் தவறாக அனுப்பினால் அது 400 ஐயே எல்லையாகக் கொண்டு சோதித்து, எல்லாம் சரி என்று சொல்லும். அட்ரஸ் சானிடைசர் என்ற தெரிவுடன் இரு பக்கத்தையும் தொகுத்தால், அல்லது நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவியின் கீழ் ஓட்டினால், ஒதுக்கிய 20440 பைட்டுக்கு அப்பால் கைவைக்கும் கணமே தெரிந்துவிடும். பைண்ட்(சி) சப்ரூட்டீன்களுக்குரிய சி மொழித் தலைப்புகளை எழுதித் தரும் தெரிவு ஒன்றும் ஜிபோர்ட்ரானில் இருக்கிறது. கையால் எழுதிய தலைப்பை அதனுடன் ஒப்பிட்டால் வேல்யூ விடுபட்ட இடங்கள் உடனே கண்ணில் படும்.

ஒழுங்கைச் சோதிக்க, பக்கங்கள் சமமில்லாத சிறு தாயம் ஒன்று போதும். இரண்டு நாட்கள், மூன்று மானிகள் என்று வைத்து, ஒவ்வோர் இடத்திலும் நாளின் பத்து மடங்குடன் மானியின் எண்ணைக் கூட்டி இடுங்கள்: 11, 21, 12, 22, 13, 23 என்பதே போர்ட்ரானின் நினைவக ஒழுங்கு. சி மொழிப் பக்கத்தில் அந்த ஆறு எண்களையும் வரிசையாக அச்சிடுங்கள். 11, 12, 13 என்று தொடங்கினால், அணியை நிரப்பிய கை எதுவோ அது நிரை நிரையாக நிரப்பியிருக்கிறது. சதுரத் தாயத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். அங்கே நாட்களின் எண்ணிக்கையும் மானிகளின் எண்ணிக்கையும் இடம் மாறிப் போனாலும் வேறுபாடு தெரியாது. ஆறு எண்களும் சரியாக வந்த பிறகு 365 க்கும் 7 க்கும் போகலாம்.